தொழுநோயாளருள் ஒருவராய் வாழ்ந்த புனித தமியான்



நோயுற்ற ஒருவரை நாம் எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா? கட்டிலருகே அமர்ந்து பார்ப்பவர்கள் சிலர். வாசற்படியில் நின்று நலம் விசாரித்துத் திரும்புபவர்கள் பலர். வீட்டிலிருந்தபடியே அனுதாபப்பட்டு, ஒரு செபமும் சொல்லி முடித்துக்கொள்பவர்கள் இன்னும் பலர். ஞாயிறு திருப்பலியில் உடல் குறைபாடுள்ள ஒருவர் நம் அருகே வந்து அமரும்போது நம்மை அறியாமலே சற்று ஒதுங்குகிறோம். சமாதானம் பகிரும் வேளையில் அவரது கண்களைச் சந்திக்காமலே கைகூப்புகிறோம். இது வெறுப்பினால் வருவதென்று நான் கூறமாட்டேன். என்ன செய்வதென்று தெரியாத தடுமாற்றமே பெரும்பாலும் காரணம். ஆனால் விலகுகின்ற நமக்குத்தான் அது தடுமாற்றம். விலக்கப்பட்டவருக்கு அது விலக்கம் மட்டுமே.

அந்தத் தூரத்தைக் கடந்து சென்று, கடந்ததற்கான விலையைத் தன் உடலிலேயே செலுத்திய ஒரு குருவானவரைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மொலோக்காய்த் தீவின் புனித தமியான் என்ற பெயர் உங்களுள் பலருக்குப் புதியதன்று. மறைக்கல்வி வகுப்பிலும் மறையுரைகளிலும் அவரைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். கேட்ட கதைகளில் அவர் பிறவியிலேயே புனிதராக இருந்தவர் போலத் தோன்றியிருக்கக்கூடும். உண்மையான தமியான் அதனைவிடக் கரடுமுரடானவர். அதனாலேயே நமக்கு நெருக்கமானவரும் ஆவார்.

பெல்ஜியம் நாட்டில் திரெமெலோ என்னும் கிராமத்தில் 1840 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3 ஆம் திகதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு தெ வெஸ்தர். தகப்பனார் விவசாயம் செய்து தானிய வியாபாரமும் நடத்தியவர். பலமான உடலும் வேலைக்கு அஞ்சாத கைகளும் கொண்ட இந்த மகன் வியாபாரத்தைக் கவனித்துக்கொள்வான் என்பதே குடும்பத்தின் எதிர்பார்ப்பு. அதற்காகவே பிரெஞ்சு மொழி கற்க அவரை வெளியூருக்கு அனுப்பினர். ஆனால் உடன்பிறந்தோருள் சிலர் ஏற்கனவே துறவற வாழ்வைத் தேர்ந்திருந்தனர். தமையனார், இயேசு மரியாயின் திரு இருதயங்களின் சபையில் பம்பீல் என்ற துறவறப் பெயரோடு லூவேன் நகரில் குருத்துவக் கல்வி பயின்றுகொண்டிருந்தார். 1859 இல் யோசேப்பும் அதே இல்லத்தின் கதவைத் தட்டினார்.

போதிய படிப்பு இல்லாதவர் என்பதால் குருவாகும் தகுதி அவருக்கில்லை என மேலாளர்கள் கருதினர். சகோதரராக ஏற்றுக்கொள்ளப்பட்டு, பண்டைக்கால வைத்தியரும் மறைசாட்சியுமான புனித தமியானின் பெயரை அவர் தமதாக்கிக்கொண்டார். தமையனாரிடம் ஓய்வு நேரங்களில் இலத்தீன் கற்று, மேலாளர்கள் வியக்கும் விதத்தில் தேர்ச்சி பெற்றதால், குருத்துவக் கல்விக்கான வாயில் திறந்தது. 1863 இல் பசிபிக் சமுத்திரத்தின் ஹவாய்த் தீவுகளுக்கு மறைபரப்புப் பணிக்காகப் பம்பீல் தெரிவுசெய்யப்பட்டார். பயணத்திற்கு ஆயத்தமாகியிருந்த வேளையில் கடும் காய்ச்சல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. தமியான் அப்போது குருவாகவும் இல்லை, படிப்பும் முடியவில்லை. இருந்தும் உள்ளூர் மேலாளரைக் கேளாமல், பாரிஸிலிருந்த தலைமை மேலாளருக்கே நேரடியாகக் கடிதம் எழுதி, தமையனாருக்குப் பதிலாகத் தம்மை அனுப்புமாறு வேண்டினார். ஒழுங்குமுறைப்படி பார்த்தால் இது கண்டிக்கத்தக்க செயலே. ஆயினும் அனுமதி கிடைத்தது. ஐந்து மாதங்கள் வரை நீடித்த கப்பற் பயணத்தின் பின், 1864 மார்ச் 19 ஆம் திகதி, புனித சூசையப்பரின் திருநாளன்று ஹொனொலுலுவில் இறங்கினார். அதே ஆண்டு மே 21 ஆம் திகதி அந்நகரின் பேராலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பெற்ற தாயை அவர் பின்னர் ஒருபோதும் காணவில்லை.

அடுத்து வந்த ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் கழிந்தன. எரிமலைச் சாரல்களில் நடந்தும் குதிரையேறியும் மக்களைச் சந்தித்து, தம் கைகளாலேயே மரம் அறுத்துச் சிற்றாலயங்கள் கட்டினார். அவருள் இருந்த தச்சர் அங்கேதான் உருவானார். பிற்காலத்தில் அந்தத் தச்சுவேலையே சவப்பெட்டி செய்யப் பயன்படப் போகிறது என்பதை அவர் அப்போது அறிந்திருக்கமாட்டார்.

அன்பானவர்களே, மொலோக்காய்க்குச் செல்வதற்கு முன், அது ஏன் அவ்வாறானது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுக் கப்பல்களோடு வந்திறங்கிய பெரியம்மை, சின்னமுத்து போன்ற நோய்களால் ஹவாயின் பூர்வீக மக்கள் பெருந்தொகையாக மடிந்துகொண்டிருந்தனர். அவற்றோடு தொழுநோயும் பரவியது. அஞ்சிய அரசு, மன்னர் ஐந்தாம் கமேஹமேஹாவின் காலத்தில், 1865 ஜனவரி 3 ஆம் திகதி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அன்று தமியானுக்கு 25 ஆவது பிறந்தநாள் என்பது நாம் கவனிக்கக்கூடிய ஓர் ஒற்றுமை. நோயுற்றோரைத் தேடிப் பிடித்து, குடும்பத்திலிருந்து பிரித்து, ஒதுக்குப்புறத்தில் குடியமர்த்தும் அதிகாரத்தை அச்சட்டம் வழங்கியது. மொலோக்காய்த் தீவின் வடகரையிலுள்ள ஒரு சிறு குடாநாடு அதற்கெனத் தெரிவுசெய்யப்பட்டது. மூன்று பக்கங்களில் கொந்தளிக்கும் கடல். நான்காம் பக்கத்தில் 600 மீற்றருக்கும் உயர்ந்து நிற்கும் செங்குத்துப் பாறை. இயற்கையே கட்டிய சிறைச்சாலை எனலாம். 1866 ஜனவரியில் முதற் தொகுதியாகப் 12 பேர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். 1969 இல் அச்சட்டம் நீக்கப்படும் வரை ஏறக்குறைய 8,000 பேர் அவ்வாறு அனுப்பப்பட்டனர். குடும்பங்களைப் பிரிக்கும் நோய் என்னும் பொருள்பட அம்மக்கள் தம் மொழியில் தொழுநோய்க்குப் பெயரிட்டனர். உடலை அரிக்கும் நோய் என்று அவர்கள் அதனை அழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எது தங்களை அதிகமாக வருத்தியது என்பதை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது.

இத்தகைய தீவுகள் நமக்கு அந்நியமானவை அல்ல. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு தொழுநோயாளருக்கென ஒதுக்கப்பட்டிருந்ததை கிழக்கிலங்கை வாசகர்கள் நன்கறிவர். நோயாளரைத் தண்ணீருக்கு அப்பால் அனுப்பிவிட்டால் ஊர் நிம்மதியாக உறங்கலாம் என்ற எண்ணம் எல்லாத் தேசங்களிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

குடியேற்றத்தின் ஆரம்ப நாட்களைப் பற்றி எழுதும் பலர், தமியான் வரும்வரை அங்கு சட்டமும் இல்லை, மனிதத்தன்மையும் இல்லை என்றே வர்ணிப்பர். நிலைமை கொடியதாக இருந்தது உண்மையே. போதிய உணவில்லை, நீரில்லை, நிரந்தர வைத்தியர் இல்லை. கிழங்கிலிருந்து மது வடித்துக் குடித்து, நோயை மறக்க முயன்றவர்களும் இருந்தனர். வலியோர் மெலியோரின் பங்கைப் பறித்ததும் உண்டு. ஆயினும் அம்மக்களுக்கு நாம் அநீதி செய்யலாகாது. தமியானுக்கு முன்னரே, 1866 இலேயே, அங்கிருந்த புரட்டஸ்தாந்து நோயாளர் தமக்கென ஒரு திருச்சபையை நிறுவியிருந்தனர். நோயற்றவர்களாயிருந்தும், கணவனுக்காக, மனைவிக்காக, பிள்ளைக்காகத் தாமாகவே முன்வந்து அந்தக் கரையில் இறங்கிய உறவினர் பலர். மோர்மன் சமயத்தைச் சேர்ந்த யோனத்தானா நாபெலா என்பவர் நோயுற்ற தம் மனைவியோடு 1873 இல் அங்கு சென்று, தாமும் நோய்வாய்ப்பட்டு 1879 இல் இறந்தார். வேறுபட்ட நம்பிக்கை கொண்டிருந்தபோதும் தமியானுக்கு அவர் நண்பரானார். பீடத்தில் ஏற்றப்படாத இத்தகையோரின் நடுவேதான் நமது புனிதரும் வாழ்ந்தார்.

1873 மே மாதத் தொடக்கத்தில், மாவி தீவில் ஓர் ஆலயத் திறப்புவிழாவுக்காகக் குருக்கள் கூடியிருந்தனர். மொலோக்காயிலிருந்த கத்தோலிக்க நோயாளர் தமக்கொரு குரு வேண்டுமென மன்றாடி வந்ததை ஆயர் மெக்ரே எடுத்துக் கூறினார். அங்கு செல்வதன் பொருள் என்ன என்பதை அறிந்திருந்ததால், கீழ்ப்படிதலின் பெயரால் எவரையும் கட்டாயப்படுத்த அவர் விரும்பவில்லை. நான்கு இளங்குருக்கள் முன்வந்தனர். ஒருவர் மாறி ஒருவராகச் சிறிது காலம் பணியாற்றுவது என முடிவாகி, முதல் முறை தமியானுக்குக் கிடைத்தது. மே 10 ஆம் திகதி, நோயாளர் சுமார் ஐம்பது பேரை ஏற்றிச்சென்ற கப்பலில், ஆயருடன் அவர் அக்கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. தங்குவதற்கு வீடில்லை. புனித பிலோமினாளின் சிற்றாலயத்தருகே நின்ற தாழை மரத்தின் கீழேயே ஆரம்ப இரவுகளைக் கழித்தார். சில நாட்களுக்குள்ளேயே, தம்மை அங்கேயே நிரந்தரமாக விட்டுவிடுமாறு மேலாளருக்கு எழுதினார். முறை மாறி வரவேண்டிய மற்ற மூவரின் தேவை அதனோடு முடிந்தது.

நோயாளரைத் தொடவேண்டாம் என்றே அவருக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. தொடக்கத்தில் அவரும் கவனமாகவே இருந்தார். இதை நாம் மறைக்கத் தேவையில்லை. அழுகும் புண்களின் துர்நாற்றம் தாளாமல், திருப்பலியின்போதும் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போதும் வெளியே ஓடிச்சென்று மூச்சுவாங்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. அந்த நாற்றத்தை மறைக்கவே புகைக்குழாய் பிடிக்கத் தொடங்கினார். நோயில்பூசுதல் வழங்கச் சென்றால், கைகளும் கால்களும் முழுவதும் புண்ணாக இருக்க, எண்ணெயை எங்கே பூசுவதென்று திகைத்தார். அருவருப்பு அவருக்கும் இருந்தது. அது ஒரே நாளில் நீங்கிவிடவுமில்லை. ஆனால் தொடாமல் ஒரு திருவருட்சாதனத்தையும் வழங்க முடியாது என்பதை அவர் உணர்ந்தார். தொடாத குருவை அம்மக்கள் நம்பப் போவதுமில்லை. அவர்களைத் தொட்ட எவரும் நெடுங்காலமாக இருக்கவில்லையே!

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை இங்கே நினைவுகூருங்கள். தொழுநோயாளர் ஒருவர் ஆண்டவர் முன் முழந்தாளிடுகிறார். லேவியர் நூலின் சட்டப்படி அவர் பாளையத்திற்கு வெளியே வாழவேண்டியவர்; தாம் தீட்டுள்ளவர் என்று கூவி எச்சரிக்கவேண்டியவர். இயேசு முதலில் கையை நீட்டி அவரைத் தொடுகிறார். குணமாக்கும் சொல் அதன் பின்னரே வருகிறது. வரிசையை மாற்றிப் பாருங்கள், முதலில் குணமாக்கிவிட்டுப் பின்பு தொட்டிருந்தால் அதில் என்ன புதுமை? அந்த நிகழ்வின் முடிவையும் பலர் கவனிப்பதில்லை. குணமடைந்தவர் ஊருக்குள் செல்கிறார். இயேசுவோ வெளிப்படையாக ஊருக்குள் நுழைய முடியாமல் தனிமையான இடங்களில் தங்குகிறார். இருவரும் இடம் மாறிக்கொள்கின்றனர். தமியானின் வாழ்வை இந்தச் சில வசனங்களின் நீண்ட விரிவுரை என்றே நான் வாசிக்கிறேன்.

அவர் செய்த பணிகள் பல. பள்ளத்தாக்கின் ஊற்றிலிருந்து குழாய் அமைத்துக் குடிநீரைக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார். 1874 இல் வீசிய பெருங்காற்று ஓலைக் குடிசைகளைத் தரைமட்டமாக்கியபோது, அரசிடம் விடாது கேட்டுப் பலகைகளைப் பெற்று, நடமாடக்கூடிய நோயாளரையும் சேர்த்துக்கொண்டு மரவீடுகளை எழுப்பினார். புண்களைக் கழுவிக் கட்டினார். அநாதைச் சிறுவர் சிறுமியருக்குத் தம் வீட்டருகே இல்லங்கள் அமைத்தார். வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் உருவாயின. விரல்களை இழந்தோர் இருவராகச் சேர்ந்து, எஞ்சிய விரல்களால் ஆலய இசைக்கருவியை வாசித்ததாகக் கூறுவர்.

இவை எல்லாவற்றிலும் என் மனதை அதிகம் தொட்டது சவப்பெட்டிகளே. அவர் வந்தபோது, இறந்தவர்களைப் பாயிலோ போர்வையிலோ சுற்றி, ஆழமற்ற குழிகளில் புதைப்பதே வழக்கமாயிருந்தது. பன்றிகளும் நாய்களும் அவற்றைத் தோண்டிவிடும். தமியான் ஆலயத்தருகே மயானத்துக்கு வேலியிட்டார். பெட்டி செய்தார், குழி தோண்டினார், பவனியாக எடுத்துச்சென்று செபம் சொல்லி அடக்கம் செய்தார். கத்தோலிக்கர் அல்லாதோருக்கும் பெட்டி செய்து கொடுத்தார். நூற்றுக்கணக்கான பெட்டிகள் அவ்வாறு அவரது கையால் ஆயின. இறந்தோரை அடக்கம் செய்வதற்கெனச் சங்கங்களை நிறுவினார். நோயாளர் தாமே கொடி பிடித்து, மேளம் முழங்க, தம் தோழரை மரியாதையோடு வழியனுப்பினர். உயிரோடிருக்கும்போதே ஊரால் இறந்தவராகக் கணிக்கப்பட்டு, சட்டப்படி மனைவியை வேறொருவர் மணக்கவும் விடப்பட்ட மனிதருக்கு, அவரது மரணம் ஒரு நிகழ்வு எனக் காட்டுவதைவிடப் பெரிய அங்கீகாரம் என்ன இருக்கமுடியும்?

உண்ணும் முறையிலும் அவர் அவர்களுள் ஒருவரானார். ஹவாய் மக்கள் ஒரே பாத்திரத்தில் கைவிட்டுக் கிழங்குக் களியை உண்பது வழக்கம். அவரும் அந்தப் பாத்திரத்திலேயே கைவிட்டார். தம் புகைக்குழாயைக் கேட்டவருக்குக் கொடுத்து, திரும்ப வாங்கித் தாமும் புகைத்தார். மறுத்தால் மனம் புண்படும் என்பதே அவரது கணக்கு.

இங்கே ஒரு திருத்தம் கூறவேண்டும். தாம் நோயுற்றதை அறிந்த பின், ஒரு ஞாயிறு காலை, தொழுநோயாளராகிய நாம் என்று முதன்முறையாகத் தமியான் மறையுரையைத் தொடங்கினார் எனவும், அப்போதே மக்கள் உண்மையை அறிந்து அழுதனர் எனவும் மேடைகளில் உருக்கமாகக் கூறப்படுவதுண்டு. ஆனால் வந்திறங்கிய 1873 ஆம் ஆண்டிலேயே, தாம் மறையுரையில் அவ்வாறுதான் பேசுவதாகத் தமையனாருக்கு அவர் எழுதியிருந்தார். அதாவது, நோய் தம்மைத் தொடுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் அந்த நாம் என்ற சொல்லுக்குள் நின்றுவிட்டார். நோய் வந்து அவரை அம்மக்களோடு சேர்க்கவில்லை. ஏற்கனவே சேர்ந்திருந்தவரை அது வந்தடைந்தது, அவ்வளவே. மேடைக் கதையைவிட இந்த உண்மை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

தனிமை அவரை வாட்டியது. சுகாதாரச் சபை, அவர் குடியேற்றத்தை விட்டு வெளியேறக்கூடாது எனச் சிறிது காலம் தடைவிதித்தது. அந்நாட்களில் சபை மேலாளர் ஒருவர் கப்பலில் வந்தபோது, கரையிறங்க அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தமியான் கப்பலில் ஏறவும் விடப்படவில்லை. படகில் நின்றபடியே, பிறர் செவிமடுக்க, பிரெஞ்சு மொழியில் உரத்த குரலில் தம் பாவங்களை அறிக்கையிட்டு, மேற்தளத்தில் நின்ற குருவிடமிருந்து பாவமன்னிப்பைப் பெற்றார். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குச் செல்லவே தயங்கும் நமக்கு இக்காட்சி ஒரு கேள்வியாகிறது.

அவரோடு வாழ்வது எளிதாகவும் இருக்கவில்லை. பிடிவாதமும் முற்கோபமும் உள்ளவர். துணைக்கு வந்த குருக்களோடு பிணக்குகள் ஏற்பட்டன. பலகை, மருந்து, துணி, உணவு எனக் கேட்டுக்கேட்டே அதிகாரிகளைச் சலிப்படையச் செய்தார். லண்டனில் அங்கிலிக்கன் சபைப் போதகரான ஹியூ சப்மன் பத்திரிகைகள் மூலம் திரட்டி அனுப்பிய ஏறக்குறைய 1000 பவுண் நன்கொடை, உள்ளூர் மேலாளர்களுக்கு எரிச்சலையே ஏற்படுத்தியது. தங்கள் உதவி போதவில்லை என உலகம் எண்ணுமே என்பது அவர்களின் கவலை. புகழை நாடுபவர் என்றும் அவரைச் சந்தேகித்தனர். திருச்சபைக்குள்ளேயே நல்ல மனிதர்கள் நல்ல மனிதரைப் புரிந்துகொள்ளாமற் போவதுண்டு.

1884 டிசெம்பரில் ஒருநாள் களைத்த கால்களை நீரில் அமிழ்த்தினார். நீர் கொதிநிலையில் இருந்தது. தோல் கொப்பளித்ததைக் கண்ட பின்னரே அதை உணர்ந்தார்; வலி தெரியவில்லை. உணர்விழந்த கால் என்ன சொல்கிறதென்பதை அங்கிருந்த எவரையும்விட அவர் நன்கறிவார். அடுத்த ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் ஆர்னிங் நோயை உறுதிப்படுத்தினார்.

அதன்பின் அவர் சந்தித்த பார்வைகள்தான் வேதனைக்குரியவை. 1886 இல் புதிய சிகிச்சைக்காக ஹொனொலுலுவுக்கு வர விரும்பியபோது, வந்தால் அறையொன்றில் அடைபட்டே இருக்கவேண்டும் எனவும், அவர் பயன்படுத்தும் திருப்பலிப் பாத்திரத்தை வேறு குருக்கள் தொடத் தயங்குவர் எனவும் மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது. பதின்மூன்று ஆண்டுகள் தொழுநோயாளருக்காக வாதாடியவர், தொழுநோயாளர் பார்க்கப்படும் அதே கண்களால் இப்போது பார்க்கப்பட்டார். சிலர் அவரது ஒழுக்கத்தைக்கூடச் சந்தேகித்தனர். அந்த நோய் ஒழுக்கக்கேட்டினால் வருவதென அந்நாட்களில் பலர் நம்பினர். நோயாளரைப் பார்த்து, என்ன பாவம் செய்தாரோ என்று எண்ணும் வழக்கம் அன்றோடு முடிந்துவிடவில்லை. குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்மாரைக் கேட்டுப்பாருங்கள். அயலவரின் வாயிலிருந்து அவர்கள் கேட்ட முதற் கேள்வி அதுவாகவே இருந்திருக்கும்.

அச்சமின்றி அவரை வரவேற்றவர், அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரிலிருந்து 1883 இல் ஹவாய்க்கு வந்திருந்த பிரான்சிஸ்கன் சபை அருட்சகோதரி மரியான் கோப். 1888 நவம்பரில், தமியானின் இறுதி மாதங்களில், அவரும் மொலோக்காய்க்கு வந்து சேர்ந்தார். பெண்பிள்ளைகளுக்கு அழகிய உடைகள் தைத்துக் கொடுத்து, முற்றத்தில் பூச்செடிகள் நட்டு, 1918 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். கைகளைக் கழுவும் ஒழுங்கைத் தம் சகோதரிகளிடம் கண்டிப்பாக வலியுறுத்தியவர் அவர். அவருக்கோ சகோதரிகளுக்கோ நோய் தொற்றவில்லை. 2012 இல் அவரும் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். ஒரே பாத்திரத்தில் கைவிட்டு உண்ட குருவானவரும், கை கழுவச் சொன்ன கன்னியரும் ஒரே மயானத்தருகே பணியாற்றிய இரு புனிதர்கள். அன்பு செய்பவர் கவனமின்றி இருக்கவேண்டும் என்று தமியானின் கதையிலிருந்து எவரும் கற்றுக்கொள்ள வேண்டாம். கவனம் என்ற பெயரில் அன்பை நிறுத்திவைப்பவர்கள் மரியானைப் பார்க்கட்டும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் போர்வீரராயிருந்த யோசேப்பு டட்டன் என்னும் பொதுநிலையினரும் 1886 இல் வந்து தமியானின் வலக்கையானார். தொடர்ந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அங்கே உழைத்தார். முகம் சிதைந்து, குரல் கம்மி, கைகள் புண்ணான நிலையிலும் தமியான் ஆலயக் கூரையில் ஏறி வேலைசெய்தார். அவ்வாண்டுகளில் அவரைச் சந்தித்தவர்கள் அவரது மகிழ்ச்சியைக் கண்டு வியந்தனர். 1889 ஏப்ரல் 15 ஆம் திகதி, பரிசுத்த வாரத்தின் திங்கட்கிழமையன்று, 49 ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். முதல் இரவுகளில் தமக்கு நிழல் தந்த அதே தாழை மரத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து சில வாரங்களில் ஸ்கொட்லாந்து எழுத்தாளர் ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் அக்குடியேற்றத்துக்குச் சென்று ஒரு வாரமளவில் தங்கினார். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஹொனொலுலுவிலிருந்த போதகர் ஒருவர் இறந்த குருவைப் பழித்து எழுதிய கடிதம் பின்னர் பத்திரிகையில் வெளியானபோது, 1890 இல் சிட்னி நகரிலிருந்து ஸ்டீவன்சன் எழுதிய பகிரங்க மடல் உலகப் புகழ்பெற்றது. தமியானின் குறைகளை மறைக்காமல் ஒப்புக்கொண்டே அவரது பெருமையை அம்மடல் நிலைநாட்டியது. தன் நண்பர்களால் புகழப்படுவதைவிட, தன் குறைகளை அறிந்த அந்நியர் ஒருவரால் போற்றப்படுவது மேலான சாட்சியம் அல்லவா?

தமியான் மொலோக்காயில் இறங்கிய அதே 1873 இல்தான், நோர்வே நாட்டில் வைத்தியர் ஹான்சன் தொழுநோயின் கிருமியைக் கண்டறிந்தார். பெரும்பாலான மனிதரின் உடலில் இந்நோயை இயற்கையாகவே எதிர்க்கும் ஆற்றல் உண்டென்பதும், கூட்டுமருந்துச் சிகிச்சையால் இது முற்றாகக் குணமாகும் என்பதும், சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் நிலை விரைவில் நீங்கும் என்பதும் இன்று நாம் அறிந்தவை. நம் நாட்டிலும் புதிய நோயாளர் இன்னும் இனங்காணப்படுகின்றனர். மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது. ஆனால் தோலில் தோன்றிய உணர்வற்ற தேமலைக் காட்டி வைத்தியரிடம் செல்லப் பலர் அஞ்சுகின்றனர். கிருமிக்கு மருந்துண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். நம் பார்வைக்கு மருந்துண்டா என்பதே அவர்களின் ஐயம்.

1936 இல் பெல்ஜிய அரசின் வேண்டுகோளுக்கிணங்க, தமியானின் உடல் தோண்டியெடுக்கப்பட்டுக் கப்பலில் தாய்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மன்னரே துறைமுகத்திற்கு வந்து வரவேற்றார். லூவேன் நகரில் கல்லறை அமைந்தது. தமது தந்தையைத் தம்மிடமிருந்து பிரித்துக்கொண்டு போகிறார்களே என்று மொலோக்காயில் எஞ்சியிருந்த நோயாளர் கலங்கினர். குடும்பங்களைப் பிரிக்கும் நோய் இறந்தவரையும் அவர்களிடமிருந்து பிரித்ததுபோலாயிற்று. 1995 ஜூன் 4 ஆம் திகதி பிரசெல்ஸ் நகரில் பரிசுத்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2009 ஒக்டோபர் 11 ஆம் திகதி பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர் மொலோக்காயில் கால்பதித்த மே 10 ஆம் திகதியே அவரது திருநாளாயிற்று.

முத்திப்பேறு அறிவிக்கப்பட்ட 1995 ஆம் ஆண்டிலேயே ஹவாய் மக்களின் விருப்பமும் ஓரளவு நிறைவேறியது. பெல்ஜியத்திலிருந்து அவரது உடலின் ஒரு பகுதி திருப்பண்டமாகக் கொடுத்தனுப்பப்பட்டது. அது அவரது வலது கை. தீவுதோறும் மக்கள் அதனை வணங்கினர். பின்னர் அது மொலோக்காய்க்கு எடுத்துவரப்பட்டு, புனித பிலோமினாளின் ஆலயத்தருகே, வெறுமையாகக் கிடந்த அவரது பழைய கல்லறையில் மீண்டும் வைக்கப்பட்டது.